விலாங்கு இருந்த கிணறு

1983 கோடையில் என் சித்தப்பாவின் கிணற்றில் தூர் எடுத்தார்கள். அவர் நிலம் எங்கள் கடத்தூரில் இல்லை. அரூருக்கு அப்பால், அனுமன்தீர்த்தத்துக்குப் பக்கத்தில், தென்பெண்ணைக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. ஆறு கரைமீறும் வருடங்களில் வெள்ளம் அந்தக் கிணற்றின் வாய்வரை வந்து கலந்துவிட்டுப் போகும் என்பார்கள். ஆயில் எஞ்சின் வைத்து இரண்டு நாள் இறைத்தபின் அடியில் முழங்கால் அளவு சேறு மிஞ்சியது. அதைக் கூடை கூடையாக மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்குப் போயிருந்த நான் மேட்டில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நின்றவர் "பாம்பு" என்று கத்தினார். அடுத்த கூடையில் அது மேலே வந்தது. என் கையைவிட நீளம், அப்பாவின் மணிக்கட்டுப் பருமன். முதுகு கறுப்பு, வயிறு வெள்ளியாக மின்னியது. கொட்டிய மாத்திரத்தில் வாய்க்கால் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு நெளிந்து ஓடியது. சித்தப்பா ஒரு நனைந்த சாக்கைத் தூக்கி அதன்மேல் போட்டார்.

"பாம்பு இல்லடா கண்ணு, விலாங்கு. மூலத்துக்கு இதவிட மருந்து கிடையாது" என்றார்.

சித்தி அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுப் பிடித்து அறுத்தார். சாம்பல் இல்லாமல் விலாங்கு கையில் நிற்காது. இரண்டு விஷயம் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஒன்று, அதன் கண். அந்தச் சிறிய தலைக்குப் பொருந்தாத பெரிய கண்கள். மற்றது, குடலைக் கையில் எடுத்துப் பார்த்துச் சித்தி சொன்னது. "குடல் நூலாட்டம் கெடக்கு. எத்தன நாளாப் பட்டினியோ, பாவம்."

அந்தக் கண்ணும் அந்தக் குடலும் என்ன சொல்லின என்று தெரிந்துகொள்ள எனக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று.

விலாங்கு கடலில் பிறக்கிறது, ஆற்றில் வளர்கிறது, கடைசியாகக் கடலுக்கே போய் ஒரே ஒருமுறை முட்டையிட்டுச் சாகிறது. வளரும் காலமெல்லாம் அதன் உடம்பு மஞ்சளும் பழுப்புமாக இருக்கும். புறப்படும் வேளை வரும்போது முதுகு கறுத்து வயிறு வெள்ளியாகும். ஆழ்கடல் இருட்டில் பார்ப்பதற்காகக் கண் பெரிதாகும். இரை எடுப்பதை நிறுத்திவிடும், குடல் சுருங்கிவிடும். அதற்குமேல் அத்தனை தூரத்தையும் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கொண்டே கடக்கும். சித்தி பாவம் என்று சொன்ன அந்த மீன் பட்டினி கிடக்கவில்லை. கடலுக்குப் போகத் தயாராகி, வழி இல்லாமல் கிணற்றுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

அது அங்கே வந்த வழியை எண்ணிப் பார்க்கிறேன். தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாக எங்கள் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு, திருவண்ணாமலை, விழுப்புரம் கடந்து கடலூர் அருகே வங்கக் கடலில் சேர்கிறது. அனுமன்தீர்த்தத்துக்குக் கீழே ஆற்றை மறித்து நிற்பது சாத்தனூர் அணை. 1958இல் கட்டி முடித்தார்கள், 119 அடி. அணைக்கும் கீழே திருக்கோவிலூர், எல்லீஸ்சத்திரம், சொர்ணாவூர் என்று அணைக்கட்டுகள். கடலிலிருந்து வந்த குஞ்சு இத்தனையையும் தாண்டியிருக்க வேண்டும். விரல் நீளக் குஞ்சாக இருக்கும்வரை விலாங்கால் ஈரமான செங்குத்துச் சுவரிலும் ஒட்டி ஏற முடியும். கசியும் கல், பாசி படிந்த வெடிப்பு, இவை போதும். சற்றுப் பெருத்துவிட்டால் முடியாது. ஆகவே அந்த மீன் சாத்தனூர்ச் சுவரின் ஈரத்தைப் பற்றி ஏறியிருக்கலாம். அல்லது அணை எழும்புவதற்கு முன்பே மேலே வந்து, கால் நூற்றாண்டுக்கு மேல் காத்துக் கிடந்திருக்கலாம். விலாங்கு அப்படிக் காத்திருக்கக் கூடியதுதான். நியூசிலாந்தின் நீள்துடுப்பு விலாங்கில் சில பெண் மீன்கள் கடலுக்குப் புறப்படும்போது வயது அரை நூற்றாண்டைத் தாண்டியிருக்கும்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறது என்று, இரண்டு பக்கமும் நல்லவனாக நடிக்கிறவனுக்கு விலாங்கை உவமை சொல்வோம். அந்தப் பேச்சு பிறந்த காலத்தில் இந்த மீன் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்க வேண்டும். பார்க்காததை யாரும் ஏசிப் பேசுவதில்லை. மலங்கு என்று இன்னொரு பழைய பெயரும் அதற்கு உண்டு. ஒரு மீனுக்கு இரண்டு பெயர் நிலைத்திருக்கிறதென்றால் அது சந்தையிலும் சமையலிலும் புழங்கியதென்று பொருள். இன்று எங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பழமொழி தெரிகிறது, மீன் தெரியவில்லை. கேட்டால் ஆரலைக் காட்டுகிறார்கள். ஆரல் வேறு, விலாங்கு வேறு. ஆரலுக்கு முதுகில் முள் வரிசை இருக்கும், அது கடலைக் காணாமலே ஆற்றிலும் ஏரியிலும் குஞ்சு பொரித்துவிடும்.

மனிதனுக்கு விலாங்கின் பிறப்பு நெடுங்காலம் பிடிபடவே இல்லை. அரிஸ்டாட்டில் அது சேற்றிலிருந்து தானாக உண்டாகிறது என்று எழுதினார். அறுத்துப் பார்த்த எவருக்கும் சினைப்பை தென்படாததுதான் காரணம். 1777இல்தான் பொலோனா நகரத்து கார்லோ மொந்தினி அதை அடையாளம் கண்டார். சினைப்பை அங்கேதான் இருந்தது, எல்லோரும் பார்த்துமிருந்தார்கள். துணிக்கொசுவம்போல மடிப்பு மடிப்பாக வெளுத்துத் தொங்கும் அதை எல்லோரும் கொழுப்பு என்றே எண்ணிவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில், 1876இல், சிக்மண்ட் பிராய்டு என்ற இளம் மாணவர் திரியெஸ்தே துறைமுகத்தில் உட்கார்ந்து நானூறு விலாங்குகளை அறுத்து விந்தகத்தைத் தேடினார். மனதை ஆராயப் போவதற்கு முன் அவர் செய்த வேலை அது.

பிறகு டென்மார்க்கின் யோஹான்னஸ் ஷ்மித். 1904இல் ஃபாரோ தீவுகளுக்கு மேற்கே அவர் வலையில் இலைபோலத் தட்டையான, கண்ணாடிபோலத் தெளிந்த ஒரு சிறு குஞ்சு அகப்பட்டது. அதைவிடச் சிறியது எங்கே கிடைக்கும், அதனினும் சிறியது எங்கே என்று அட்லாண்டிக்கை அரித்தெடுத்துப் பதினெட்டு ஆண்டுக்குப் பின் சர்காசோ கடலைச் சுட்டிக் காட்டினார். குஞ்சின் அளவையே வழிகாட்டியாக வைத்து ஒரு பெருங்கடலைத் தேடிய அந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வணங்கத் தோன்றுகிறது. 1928 முதல் 1930 வரை உலகைச் சுற்றிய அவருடைய 'டானா' கப்பல் நம் கடலுக்கும் வந்தது. இந்தியப் பெருங்கடல் விலாங்குகளின் இலைக்குஞ்சுகள் சுமத்ராவின் மேற்குப் பக்கத்து ஆழ்கடலில் அதன் வலையில் சிக்கின.

நம் ஆறுகளுக்கு வருபவை முக்கியமாக இரண்டு இனம். உடம்பில் புள்ளியும் மேகத்திட்டும் உள்ள பெங்காலென்சிஸ் ஒன்று. திட்டில்லாத பைகலர் மற்றொன்று. இரண்டையும் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஆபத்தை நெருங்கியவை என்ற வரிசையில் வைத்திருக்கிறது. ஐரோப்பிய விலாங்கு 2008இலிருந்து அந்தப் பட்டியலின் மிக மோசமான நிலையில் இருக்கிறது. ஜப்பான் விலாங்கு 2014இல் அழியும் ஆபத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது. வட கடல் கரைக்கு 1960, 70களில் நூறு குஞ்சு வந்த இடத்தில் இப்போது ஏறக்குறைய ஒன்றுதான் வருகிறது.

இவ்வளவு வேகமாக ஒரு மீன் குறைய ஒரு காரணம், அதைப் பிடிப்பது வாழ்வின் எல்லாப் பருவத்திலும் நடப்பதுதான். கரைக்கு வந்து சேரும் கண்ணாடிக் குஞ்சையே பிடித்துவிடுகிறார்கள். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய மூவாயிரம் குஞ்சு நிற்கும். உலகத்திலுள்ள விலாங்குப் பண்ணைகள் ஏறக்குறைய அனைத்தும் இப்படி இயற்கையில் பிடித்த குஞ்சை வாங்கித்தான் வளர்க்கின்றன. ஜப்பானில் 2010இல் ஆய்வகத்துக்குள்ளேயே முட்டை முதல் முட்டை வரை ஒரு சுற்றை முடித்துக் காட்டினார்கள். ஆனால் அங்கேயும் பண்ணைக்கு இன்னும் கடற்குஞ்சுதான் தேவைப்படுகிறது. ஐரோப்பா 2010இல் ஏற்றுமதியை நிறுத்தியதும் வியாபாரம் கிழக்கே நகர்ந்தது. பிலிப்பைன்ஸ் 2012இல் குஞ்சு ஏற்றுமதியைத் தடைசெய்ய வேண்டியதாயிற்று. அங்கே விலைபோன பைகலர், நம் கரைக்கும் வரும் அதே இனம்.

நம்மூர் மீன்வளத் திட்டங்களின் மொழி குஞ்சுகளின் எண்ணிக்கையில் அமைந்தது. இந்த ஏரியில் இத்தனை லட்சம் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சு விட்டோம் என்று அறிவிப்பு வரும். குத்தகை எடுத்தவர் தீனி போட்டு வளர்த்து, தண்ணீர் வற்றும்போது வலை இழுத்து எடுத்துவிடுவார். அதில் தவறு காண நான் வரவில்லை. எங்கள் மாவட்டத்து வறண்ட ஏரிகளில் ஏழைக்கு மலிவாக மீன் கிடைப்பது அதனால்தான். கட்லா நம் ஆற்று மீன் இல்லை, கங்கை, கோதாவரிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்தது. ஜிலேபி 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்கு வந்தது. அவையெல்லாம் விட்டால் வளர்ந்தன. அதே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1980களில் விலாங்குக் குஞ்சைப் பிடித்துவந்து வளர்த்துப் பார்த்தார்கள், அது தொட்டியில் நன்றாகவே வளர்ந்தது. ஆனால் வளர்ப்பதும் பெருக்குவதும் ஒன்றில்லை. விலாங்கின் முட்டையைக் கடல் மட்டுமே வாங்கிக்கொள்கிறது. விலாங்குக் குஞ்சு இத்தனை லட்சம் பொரித்து விட்டோம் என்று எந்த அதிகாரியும் அறிவிக்க முடியாது. அவர் செய்யக்கூடியது வழிவிடுவது ஒன்றுதான்.

வழிவிடுவது எப்படி என்று தேடிப் படித்தபோதுதான் வடக்கு அயர்லாந்தின் நே ஏரியைப் பற்றித் தெரிந்துகொண்டேன். அங்கே பான் ஆறு வழியாகக் குஞ்சுகள் ஏறி வரும். நடுவே தடுப்பணை. அதைத் தாண்ட அவர்கள் வைத்தது வைக்கோல் பிரி. ஆம், நாம் போர் அடித்துக் கட்டுக்குத் திரிக்கும் அதே பிரி. நனைந்த வைக்கோலைத் தடிமனாகத் திரித்து அணையின் மேலிருந்து கீழே தொங்கவிட்டால், இரவில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் இழைகளுக்குள் புகுந்து ஏறிவிடும். அதன் நுனியில் பொறிபோல ஒரு தொட்டி வைத்துப் பிடித்து, லாரியில் ஏற்றி ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். அந்த ஏரியின் மீனவர்கள் 1965இல் கூட்டுறவு அமைத்து, பிறகு மீன்பிடி உரிமையையே விலைக்கு வாங்கிக்கொண்டவர்கள். எந்தப் படகு ஒரு நாளில் எவ்வளவு பிடிக்கலாம், எவ்வளவு சிறியதைத் திரும்ப விட வேண்டும், எந்த மாதம் வலை இறங்கக் கூடாது என்றெல்லாம் தங்களுக்குள் விதித்துக்கொண்டார்கள். ஆற்றில் குஞ்சு வரத்துக் குறைந்தபோது தங்கள் காசைப் போட்டு இங்கிலாந்தின் செவர்ன் ஆற்றிலிருந்து குஞ்சு வாங்கி விட்டார்கள்.

நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு விலாங்கு வெறும் உணவில்லை, மூதாதையோடு சேர்த்து எண்ணும் உயிர். வைகாட்டோ ஆற்றின் கராபிரோ அணையடியில் முட்டி மோதும் குஞ்சுகளை அள்ளி மேலே கொண்டுபோய் விடும் வேலை 1990களிலிருந்து நடக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் ஒரு சட்டம் செய்தது. மனிதக் கை படாதிருந்தால் எவ்வளவு வெள்ளி விலாங்கு கடலுக்குப் போயிருக்குமோ, அதில் குறைந்தது நூற்றுக்கு 40 பங்காவது போய்ச் சேர வேண்டும் என்பது இலக்கு. பிடிக்கும் கணக்கை விட்டுவிட்டுத் தப்பிப் போகும் கணக்கை வைத்துச் செய்த சட்டம் என்பதால் எனக்கு அது பிடித்திருக்கிறது. ஆனால் பல நாடுகளால் அந்த இலக்கைத் தொட முடியவில்லை. 2021இல் பன்னாட்டுக் கடலாய்வுக் குழு, இனி எங்கேயும் எந்தப் பருவத்திலும் பிடிக்கவே வேண்டாம் என்று ஆலோசனை சொன்னது. இலக்கு எட்டாததற்கு, ஏறும் வழி மட்டும் போதாததும் ஒரு காரணம். இறங்கும் வழியில் மின்நிலையச் சுழலி இருக்கிறது. நீண்ட உடம்புள்ள மீன் அதன் இலைகளுக்குள் முழுசாகத் தப்புவது கடினம்.

நம் ஆறுகளில் இந்த யோசனை புதிதுமில்லை. 1860களின் இறுதியிலேயே, அணைக்கட்டுகள் ஆற்று மீனைக் கெடுக்கின்றனவா என்று பார்த்துச் சொல்லும்படி சென்னை அரசாங்கம் பிரான்சிஸ் டே என்ற மருத்துவரைக் கேட்டது. கெடுக்கின்றன என்று அவர் எழுதினார், மீனுக்கு வழி வையுங்கள் என்றும் எழுதினார். கொள்ளிடம் அணைக்கட்டுகளைத் தாண்ட முடியாத உல்லம் மீன் அவர் கண் முன்னால் இருந்தது. பிறகு 1934இல் மேட்டூர் வந்தது, உல்லம் காவிரியிலிருந்து மறைந்தது. உல்லத்துக்காவது அழ ஆள் இருந்தார்கள், ருசியான மீன், சந்தையில் பேர் போனது. விலாங்கின் மறைவு அப்படிப் பேசப்படவில்லை. ஒகேனக்கலுக்கு ஒரு விலாங்கு வரவேண்டுமென்றால் முக்கொம்பு, சமயசங்கிலி, நெரிஞ்சிப்பேட்டை, செக்கானூர் என்று வரிசையாகக் கதவுகளைத் தாண்டி, கடைசியில் மேட்டூரையும் ஏற வேண்டும். அணைகளை இடிக்கச் சொல்லவில்லை. அந்தத் தண்ணீரில் விளைந்த அரிசியைத் தின்று வளர்ந்தவன் நான். மதகுக்குப் பக்கத்தில் ஈரம் கசியும் ஒரு சரிவும், அதில் ஒரு பிரியும் வைக்க இடம் இருக்கிறது என்கிறேன். வடகிழக்குப் பருவமழையின் முதல் பெருவெள்ளத்தில் அணைக்குக் கீழும் மேலும் சில வாரம் விலாங்கைப் பிடிக்காதிருக்க ஒரு தடைக்காலம் வைக்கலாம் என்கிறேன். கடலுக்கு 61 நாள் வைத்திருக்கிறோம், மீனவர் அதற்குக் கட்டுப்படுகிறார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் ஆற்றின் மேல் வெள்ளை நுரை மலைபோல எழும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரின் கழிவு அது. விலாங்கு கொழுப்பு மிகுந்த மீன், ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் சேற்றோடு கிடப்பது. விஷமெல்லாம் அதன் கொழுப்பில் படியும். கடலுக்குப் போகும்போது அந்தக் கொழுப்பைத்தானே தின்று போகிறது? சேர்த்த விஷம் அப்போது உடம்பில் அவிழ்ந்து சினைவரை போகும். ஓசூரில் விட்ட கழிவு கடல் தாண்டி ஒரு முட்டையைத் தொடும்.

இதில் எதையும் செய்வதால் நமக்கு என்ன கிடைக்கும் என்று கேட்பவர் உண்டு, நானும் கேட்டுக்கொண்டேன். சால்மன் தான் பிறந்த ஆற்றுக்கே திரும்பும், காப்பாற்றிய ஊருக்குப் பலன் வரும். விலாங்கு அப்படியில்லை. இலைக்குஞ்சு நீரோட்டத்தின் போக்கில் போகும், தாய் இருந்த ஆற்றை அது அறியாது. தென்பெண்ணையிலிருந்து இறங்கிப் போகும் ஒரு தாயின் குஞ்சு இலங்கையின் மகாவலிக்குப் போகலாம், பர்மாவுக்குப் போகலாம். நமக்கு வரும் குஞ்சு யாரோ ஒரு ஊரார் விட்டுவைத்த தாயுடையது. கர்நாடகத்துக்கும் நமக்கும் இந்த ஆற்றின் பங்கு பற்றிய தகராறு வழக்குவரை போயிற்று, மார்க்கண்டேய நதியில் யார்கோள் அணை எழுந்ததிலிருந்து கசப்பும் கூடிவிட்டது. அந்த வழக்கின் எந்தக் கணக்கிலும் இந்த மீன் இடம்பெற வழியில்லை. தன் பங்கு என்று எண்ண முடியாத ஒன்றுக்காக ஓர் ஊர் ஒரு பிரி திரித்துத் தொங்கவிடுமா? எங்கள் பக்கம் சாலையோரம் புளிய மரம் வைத்தவர்கள் அப்படித்தான் வைத்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் எங்கள் மலைகளுக்கு வந்து நின்றது. ஆற்றுக்கு அக்கரையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை. டிசம்பர் 1 இரவு, அமாவாசை கழிந்த முதல் இரவு, சாத்தனூரில் நீர் திறப்பு ஏறிக்கொண்டே போய் விடியலுக்கு முன் நொடிக்கு 1,68,000 கன அடியைத் தொட்டது. திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்க் கிராமங்களில் வீடுகளும் மாடுகளும் பயிரும் போயின, பாலம் போயிற்று. அந்த இழப்பை நான் குறைத்துப் பேசமாட்டேன், எங்கள் சொந்தக்காரர் வீட்டிலும் இடுப்பளவு சேறு நின்றது. ஆனாலும் அந்த இரவில் தூக்கம் வராமல் கிடந்தபோது ஒன்று தோன்றியது. வெள்ளி விலாங்கு புறப்படுவது இருட்டும் வெள்ளமும் கூடும் இரவில்தான். அணையின் எல்லாக் கதவும் திறந்திருக்கிறது, கீழே உள்ள அணைக்கட்டுகள் அனைத்தும் மூழ்கிக் கிடக்கின்றன, முகத்துவாரத்து மணல் திட்டு கரைந்துவிட்டது. மேலே எங்காவது ஒரு மடுவில் கண் பெரிதாகி, குடல் சுருங்கிக் காத்திருந்த ஒன்று இருந்திருந்தால், கடல்வரை தடையில்லாத இரவு அது.

பொங்கலுக்கு அனுமன்தீர்த்தம் போயிருந்தேன். சித்தப்பா இல்லை. கிணற்றில் இப்போது தண்ணீர் நிற்பதில்லை, பக்கத்திலேயே ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டார்கள். சித்திக்கு எண்பது தாண்டிவிட்டது, கண் மங்கல், நினைவு மட்டும் தெளிவு. அந்தத் தூர் எடுத்த வருடத்தைச் சொல்லி, விலாங்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"ஏன் இல்ல, நான்தானே அறுத்தேன்" என்றார். கையைப் புடவை மடிப்பில் வைத்து விரலால் நீவிக் காட்டினார். "குடல்ல ஒண்ணும் இல்ல கண்ணு. ரெண்டு பக்கமும் கொழுப்புதான். வெள்ளையா, கொசுவம் வெச்சாப்பல, மடிப்பு மடிப்பா. நாய்க்குப் போட்டேன்."